கிளி இல்லாத கிளிக்கூடு

மதுரைக்குப் போய் வந்தோர் கோபுரங்களின் உயரத்தைச் சொல்வர்; ஆயிரங்கால் மண்டபத்தின் சிற்பங்களைச் சொல்வர்; பொற்றாமரைக் குளத்தின் படிகளில் இருந்து இளைப்பாறியதைச் சொல்வர். நாம் மதுரைக்குப் போனதும் இவற்றையெல்லாம் காணவே. ஆயினும், போகும்போது எம்முடன் ஒரு வழக்கும் சேர்ந்து பயணஞ் செய்தது. அவ்வழக்கு ஒரு கிளியைப் பற்றியது. வழக்காளி பத்து வயதுள்ள எம் மகள்.

எமது உறவினர் ஒருவர் வீட்டிலே கூட்டுக்கிளி ஒன்று உண்டு. படலையைத் திறந்து வருவோரைப் பார்த்து, "வாங்கோ, இருங்கோ" என்று அது சொல்லும். அதைக் கேட்ட நாள் தொடக்கம் தனக்கும் ஒரு கிளி வேண்டுமென்று மகள் கேட்டு வந்தாள். பக்கத்து வீட்டுப் பையனும், "வட்டுப் போன பனையிலை பொந்து இருக்கு, மாமா. குஞ்சு பொரிச்ச உடனை எடுத்துத் தாறன்" என்று வாக்களித்து விட்டான். நாம் ஆம் என்றும் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. "மதுரைக்குப் போய் வந்து பார்ப்போம்" என்று தவணை கேட்டோம். தவணை கேட்டதற்கு ஒரு காரணம் இருந்தது. அதனை உரிய இடத்திற் சொல்வோம்.

காங்கேசன்துறைக்கும் நாகபட்டினத்துக்கும் இடையே 2023 ஒக்டோபரில் தொடங்கி, பின் நின்று, 2024 ஓகஸ்டில் மீண்டும் ஓடத் தொடங்கிய கப்பலில் பாடசாலை விடுமுறையின்போது ஏறினோம். ஏறக்குறைய நான்கு மணி நேரப் பயணம். எமது முன்னோர் தோணியேறிச் சிதம்பரத்துக்கும் வேதாரணியத்துக்கும் போன கடல் அது. அக்கரை சேர்ந்து, தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி வழியாகப் பஸ் வண்டியில் மதுரையை அடைந்தபோது இரவாகி விட்டது.

கூட்டிலே கிளியில்லை

மறுநாட் பிற்பகல் கோயிலுக்குச் சென்றோம். கிழக்குச் சித்திரை வீதியிலிருந்து அட்டசத்தி மண்டபத்தின் வழியே உட்புகுந்து, மீனாட்சி நாயக்கர் மண்டபத்தைக் கடந்தால், இருள் செறிந்த ஒரு மண்டபம் வரும். அதனைத் தாண்டியதும் திடீரென்று வானமும் நீரும் தோன்றும். அதுவே பொற்றாமரைக் குளம். சங்கப் புலவரின் நூல்களை எடை போட்ட பலகையைப் பற்றிய கதைகள் இக்குளத்தைச் சுற்றியே வழங்குகின்றன. குளத்தைச் சூழ்ந்த சுவரிலே திருக்குறள் முழுவதும் பளிங்குக் கற்களில் வெட்டிப் பதிக்கப்பட்டிருக்கிறது. தமிழாசிரியர் எவரும் அந்தச் சுவரை விட்டு எளிதில் அகலமாட்டார். எம்மையும் மனைவியார்தாம் கையைப் பிடித்து அழைத்துப் போக வேண்டியதாயிற்று.

குளத்தின் மேற்குப் பக்கத்தில் ஊஞ்சல் மண்டபமும், அதனையடுத்து அம்மன் சந்நிதிக்கு எதிரே கிளிக்கூட்டு மண்டபமும் உள்ளன. கிளிக்கூட்டு மண்டபம் 1623 ஆம் ஆண்டில், முத்துவீரப்ப நாயக்கர் காலத்திற் கட்டி முடிக்கப்பட்டது என்பர். பஞ்சபாண்டவரும், வாலியும், சுக்கிரீவனும் ஆளுயரத்தினும் மேலாகத் தூண்களில் நிற்கின்றனர். வீமனுடைய தோளைப் பார்த்தாற் கல்லைப் பார்ப்பதாகத் தோன்றாது.

இம்மண்டபத்துக்கு ஏன் இந்தப் பெயர் வந்தது? முற்காலத்திலே இங்கே கூடுகள் வைத்துக் கிளிகளை வளர்த்தார்கள். அங்கயற்கண்ணியின் திருக்கரத்திலே இருப்பது கிளியன்றோ? அவளுடைய சந்நிதி வாயிலில், வருவோர் செவிகுளிர "மீனாட்சி, மீனாட்சி" என்று சொல்லும்படி அக்கிளிகளைப் பழக்கியிருந்தார்களாம். அடியார்களுக்கு முன்னே கிளிகள் நாம செபஞ் செய்தன. இதைக் கப்பலிலேயே மகளுக்குச் சொல்லியிருந்தோம். அதனால் மண்டபத்தினுட் புகுந்ததும் அவள் தூண்களைப் பார்க்கவில்லை, விதானத்தைப் பார்க்கவில்லை. நாற்புறமும் ஓடித் தேடிவிட்டு வந்து, "அப்பா, கிளி எங்கை?" என்று கேட்டாள்.

கிளியும் இல்லை, கூடும் இல்லை. கூடுகளை அகற்றிப் பல காலமாயிற்று. பெயர் மட்டுமே எஞ்சியிருக்கிறது.

அவளுடைய ஏமாற்றத்தைக் கண்ட ஒருவர், குளத்துப் படியில் இருந்தபடியே கையசைத்து அழைத்தார். எழுபது வயதைக் கடந்தவர். நெற்றி நிறையத் திருநீறு. "சிலோனா?" என்று எம்மை விசாரித்துவிட்டு மகளிடம் சொன்னார்: "நான் சின்னப் பையனா இருந்தப்ப எங்க ஆத்தா கையைப் பிடிச்சுக்கிட்டு வருவேன். கூண்டுக்குள்ள இருந்து கத்தும். சாமி கும்பிடுறதுக்கு முந்தி கிளியத்தான் கும்பிடுவேன்."

"இப்ப எங்கை, தாத்தா?"

முதியவர் மேலே சுட்டிக் காட்டினார். வெயில் தாழ்ந்து கொண்டிருந்த நேரம். தெற்குக் கோபுரத்தின் சுதை உருவங்களுக்கு இடையே பச்சை நிறத் துணுக்குகள் அசைந்தன. ஒன்று, இரண்டு, பின்னர் ஒரு கூட்டம். கீச்சென்ற ஒலியோடு கோபுரத்தை ஒருமுறை வலம் வந்து, ஏதோ ஒரு தேவரின் முடிக்குப் பின்னால் மறைந்தன.

"அதுக அம்மா பேரைச் சொல்றதில்ல, பாப்பா. ஆனா தினமும் வந்துடுதுக" என்றார் முதியவர்.

கிளி எவ்வாறு பேசுகிறது?

அன்று மாலை படிக்கட்டிலே நெடுநேரம் இருந்தோம். கிளி எப்படிப் பேசுகிறது என்று மகள் கேட்டாள். அவளுக்குச் சொன்னதை மாணவர்களுக்காக இங்கேயும் சொல்லுகிறோம்.

மனிதன் தொண்டையிலுள்ள குரல்வளையால் ஒலியெழுப்புகிறான். பறவையின் ஒலியுறுப்பு அங்கே இல்லை. மூச்சுக்குழாய் இரண்டாகக் கிளைக்கும் இடத்திலே, நெஞ்சுக்குள் இருக்கிறது. கிளிக்கு உதடு கிடையாது, பல்லும் கிடையாது. ஆனால் மற்றப் பறவைகள் பலவற்றுக்கு இல்லாத தடித்த, தசைப்பற்றுள்ள நாக்கு உண்டு. நெஞ்சிலிருந்து எழும் ஒலியை அந்த நாக்கினால் முன்னும் பின்னும் அசைத்து வடிவமைக்கின்றது. "பப்பா" என்று உதடு குவித்து நாம் சொல்வதை, உதடே இல்லாத பறவை சொல்லிக் காட்டுவது வியப்பல்லவா?

ஒலியைக் கேட்டுக் கற்கும் ஆற்றல் எல்லாப் பறவைகளுக்கும் இல்லை. கோழிக் குஞ்சைத் தனியே வளர்த்தாலும் அது கோழியைப் போலவே கூவும், கற்க வேண்டியதில்லை. கிளியினம், பாடும் பறவையினம், தேன்சிட்டைப் போலத் தோன்றும் அமெரிக்க நாட்டு ஓசனிச்சிட்டினம் ஆகிய மூன்றுமே கேட்டுக் கற்பவை என ஆராய்ச்சியாளர் கண்டிருக்கின்றனர். மைனா பாடும் பறவை இனத்தைச் சேர்ந்தது. அதனாலேயே அதுவும் பேசும்.

காட்டிலே வாழும் கிளி எதற்காகக் கற்கிறது? அங்கே அதற்கு மனிதப் பேச்சினால் ஆகவேண்டியது ஒன்றுமில்லை. தன் கூட்டத்தின் ஒலியைக் கற்கிறது. கூட்டத்தோடு சேர்ந்து பறக்கவும், பிரிந்த துணையை அழைக்கவும், தன்னவர் இன்னார் என அறியவும் அவ்வொலி வேண்டும். வெனிசுவேலா நாட்டின் சிறு கிளியினம் ஒன்றை ஆராய்ந்தோர் 2011 இல் வியப்பான செய்தி ஒன்றை வெளியிட்டனர். அவ்வினத்தில் தாய் தந்தையர் பொந்திலுள்ள ஒவ்வொரு குஞ்சையும் வெவ்வேறு ஒலியால் அழைக்கின்றன; குஞ்சு அந்த ஒலியைத் தன்னதாக ஏற்றுக்கொள்கிறது. பெயர் வைப்பதற்கு ஒப்பான செயல் இது. மலைமைனாவின் கதையும் இதற்கு ஒத்ததே. கூட்டில் மனிதக் குரலை அச்சொட்டாகப் பேசும் அப்பறவை, காட்டிலே வேறு பறவைகளின் குரலைப் பின்பற்றுவதே இல்லை. அயலில் வாழும் தன்னினத்தாரின் ஒலிகளை மாத்திரம் கற்கிறது.

இப்பொழுது விடயம் தெளிவாகும். குஞ்சாக இருக்கையில் பொந்திலிருந்து எடுக்கப்பட்ட கிளிக்குக் கூட்டம் இல்லை. அதைச் சுற்றி இருப்பவர் நாமே. ஆகவே எங்கள் ஒலியைக் கற்றுக் கொள்கிறது. "அக்கா" என்று அது கூப்பிடுவது விளையாட்டன்று. தன் கூட்டத்தை அழைக்க அதற்குக் கிடைத்த சொல் அதுதான்.

பொருளுணர்ந்து பேசுமா என்று கேட்பீர்கள். ஐரீன் பெப்பர்பேர்க் என்னும் அமெரிக்க ஆய்வாளர் 1977 இல் கடையொன்றில் வாங்கிய ஆபிரிக்கச் சாம்பற்கிளிக்கு அலெக்ஸ் என்று பெயரிட்டுப் பயிற்றினார். 2007 இல் இறக்கும்வரை அது ஏறக்குறைய நூறு சொற்களை இடமறிந்து வழங்கியது. நிறத்தையும் வடிவத்தையும் கேட்டால் சொல்லியது. ஆறு வரை எண்ணியது. அதற்குப் பாடம் சொன்ன முறையை ஆசிரியர்கள் கவனிக்க வேண்டும். ஒரே சொல்லை ஆயிரம் முறை அதன் காதில் ஓதவில்லை. இருவர் அதன் முன்னே ஒரு பொருளைக் காட்டி வினாவும் விடையுமாகப் பேசினர். சரியாகச் சொன்னவருக்கு அப்பொருள் கிடைத்தது. கிளி பார்த்துக்கொண்டிருந்தது, தானும் கலந்துகொண்டது. மனனஞ் செய்து ஒப்புவிக்கும் மாணவனைக் "கிளிப்பிள்ளை" என்று நாம் வகுப்பிலே கடிந்ததுண்டு. அன்று தொடக்கம் அச்சொல்லை விட்டு விட்டோம். பொருள் விளங்காமற் சொல்லிக் கொடுத்தது யார் குற்றம்?

தூது போன கிளிகள்

கிளி பேசும் என்பதை உலகம் அறிந்து நெடுங்காலமாயிற்று. இற்றைக்கு ஏறக்குறைய 2400 ஆண்டுகளுக்கு முன், பாரசீக அரசவையில் மருத்துவராயிருந்த கிதீசியஸ் என்னும் கிரேக்கர், இந்தியாவிலே மனிதரைப் போல் நாவுள்ள பறவை ஒன்று உண்டென்றும், அது இந்திய மொழி பேசும், கிரேக்கம் பழக்கினாற் கிரேக்கமும் பேசும் என்றும் எழுதி வைத்தார். எமது புலவர்களோ அதன் நாவை வியந்ததோடு அமையாமல் அதற்கு ஓர் அலுவலையும் கொடுத்தனர். அது தூது.

மதுரைக்கு வடக்கேயுள்ள அழகர் மலையில் எழுந்தருளிய திருமாலிடம் கிளியைத் தூது விட்டுப் பாடப்பட்டது அழகர் கிள்ளைவிடு தூது. அதனைப் பாடியவர் பலபட்டடைச் சொக்கநாதப் புலவர். யாழ்ப்பாணத்தவராகிய நாமும் இதிற் பின்னிற்கவில்லை. சிவராத்திரி புராணமும் பிள்ளையார் கதையும் பாடிய சுன்னாகம் வரதபண்டிதர், கண்ணியவளைக் குருநாத சுவாமி மேல் ஒரு கிள்ளைவிடு தூது பாடியிருக்கிறார். எமது நாட்டுச் சிங்களப் புலவரும் இவ்வழியிற் சென்றவர்களே. 15 ஆம் நூற்றாண்டிலே கோட்டை அரசனாகிய ஆறாம் பராக்கிரமபாகுவின் காலத்தில், தொட்டகமுவே சிறீ இராகுல தேரர் மைனாவைத் தூது விட்டுச் சலலிஹிணி சந்தேசயம் பாடினார். அரசன் மகளுக்கு ஒரு புதல்வன் பிறக்க அருள வேண்டுமென்று களனியிலுள்ள விபீடணத் தெய்வத்திடம் வேண்டப் போகிறது அந்த மைனா. அதே நூற்றாண்டில் கிளியைத் தூது விட்ட கிரா சந்தேசயமும் எழுந்தது.

குளத்துப் படியிலே இவற்றை எண்ணிக்கொண்டிருந்தபோது, அதுவரை எமது சிந்தைக்கு எட்டாத ஒன்று எட்டியது. தூதுக்கு இரண்டு தகுதிகள் வேண்டும். ஒன்று சொல், மற்றது சிறகு. அன்னத்துக்கும் முகிலுக்கும் பேச வாராது. மனிதருக்குப் பறக்க வாராது. இரண்டும் வாய்ந்தது என்பதாலேயே புலவர்கள் கிளியைத் தேர்ந்தனர். கூட்டுக்கிளியை யாரும் தூது அனுப்ப முடியாது. நாம் கிளியை வளர்க்கிறோம் என்று சொல்லும்போது, சொல்லை வைத்துக்கொண்டு சிறகை எடுத்து விடுகிறோம்.

எமது வீட்டுக் கிளி

இரவு விடுதிக்குத் திரும்பியபின், தவணை கேட்டதன் காரணத்தை மகளிடம் சொன்னோம். அதுவரை சொன்னதில்லை.

வலிகாமத்திலே எமது வீட்டில் ஒரு கிளி இருந்தது. பனம்பொந்திலிருந்து அதை எடுத்தவர் நாமே. அப்போது எமக்குப் பன்னிரண்டு வயது. கண் திறந்து, இறகு முளைக்கத் தொடங்கிய பருவம். பயறு அவித்து மசித்துத் தீத்தி வளர்த்தோம். வளர்ந்தபின் கொய்யாப்பழம் தின்றது. பழுத்த மிளகாயையும் தின்றது. பறவைகளுக்குக் காரம் உறைப்பதில்லை என்பது பின்னர்தான் தெரிந்தது. ஒரு வருடத்துக்குள் பேசத் தொடங்கியது. எமது அப்பாச்சி, வீட்டைவிட்டு வெளிக்கிடும் எவரையும், "எங்கை போறியள்?" என்று கேட்காமல் விடமாட்டார். கிளி முதலிற் கற்றது அந்தக் கேள்வியையே. அதுவும் அப்பாச்சியின் குரலிலே. பள்ளிக்குப் போகும்போது கேட்கும். கிணற்றடிக்குப் போகும்போதும் கேட்கும்.

பகலில் அதைக் கூட்டுக்கு வெளியே விடுவோம். பறந்து போய்விடாதிருக்கச் சிறகின் பெரிய இறகுகளைக் கத்தரிக்கோலால் வெட்டுவோம். அண்ணர் பிடித்திருப்பார், வெட்டுவது நாம். இறகுதிர்ந்து புதிதாக முளைக்கும். முளைத்ததும் மீண்டும் வெட்டுவோம். அதற்கு வலி இல்லை என்று எல்லோரும் சொன்னார்கள். மனிதருக்கு நகம் வெட்டுவது போலத்தான்.

கடைசியாக வெட்டியது 1995 ஆம் ஆண்டு ஐப்பசித் தொடக்கத்தில். அவ்வாண்டு ஒக்டோபர் 30 ஆந் திகதி இரவு வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தது. மூத்த வாசகர்களுக்கு அந்த இரவைப் பற்றி நாம் சொல்ல வேண்டியதில்லை. மழை பெய்தது. சைக்கிளில் கட்டக் கூடியதைக் கட்டினோம். அப்பாச்சியை இன்னொரு சைக்கிளில் இருத்தினோம். கூட்டைக் கொண்டு போக இடமில்லை. அப்பா கூட்டின் கதவைத் திறந்து, அதை மாமரக் கொப்பில் விட்டு, "போ" என்றார்.

அது கொப்பிலிருந்து நிலத்தில் விழுந்து நடந்து வந்தது. மீண்டும் கொப்பில் விட்டோம். மீண்டும் விழுந்து நடந்து வந்தது. கடைசியில் கூட்டுக்குள்ளேயே தானாக ஏறி இருந்துகொண்டது. கதவைத் திறந்தபடியே விட்டு, பயறும் தண்ணீரும் வைத்துவிட்டுப் படலையைத் தாண்டினோம். அப்பொழுது அது வழக்கம்போலக் கேட்டது:

"எங்கை போறியள்?"

ஒருவரும் மறுமொழி சொல்லவில்லை. எங்கே போகிறோம் என்பது எவருக்கும் தெரியாது. நாவற்குழிப் பாலத்தை அடைய விடிந்து விட்டது. அப்பாச்சி வழி நெடுக ஒரு சொல்லும் பேசவில்லை. அதன்பின் அந்தக் கேள்வியை அவர் எவரிடமும் கேட்டதில்லை.

1996 இல் திரும்பி வந்தபோது வீட்டின் கூரையில் பாதி இருந்தது. மாமரம் இருந்தது. கூடும் இருந்தது; கதவு திறந்தபடியே.

கேட்டுக்கொண்டிருந்த மகள், "பிறகு அதுக்கு இறகு முளைச்சிருக்குமா, அப்பா?" என்றாள்.

"முளைக்கும்வரை இருந்திருந்தால் முளைத்திருக்கும்" என்றோம். அதற்கு மேல் சொல்ல எமக்கு ஒன்றும் இருக்கவில்லை.

ஆண்டாள் கையிற் கிளி

அடுத்த நாள் மதுரையிலிருந்து ஏறக்குறைய 75 கிலோமீற்றர் தொலைவிலுள்ள ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் புறப்பட்டோம். மேற்குத் தொடர்ச்சி மலை நீல நிறமாய் உடன் வந்தது. ஊரை அணுகும்போதே வடபத்திரசாயி கோயிலின் பதினொரு நிலைக் கோபுரம் வயல்களுக்கு மேலாகத் தெரிகிறது. கடைத்தெரு முழுவதும் பால்கோவா மணம். சைவராகிய எமக்கு மார்கழி மாதத்திலே திருவெம்பாவை. ஆயினும் ஆண்டாளின் திருப்பாவையை அறியாத தமிழ்ப் பிள்ளை உண்டா?

ஆண்டாளின் இடக்கரத்திலும் ஒரு கிளி இருக்கிறது. ஆனால் அது கல்லாலோ பொன்னாலோ ஆனதன்று, இலையால் ஆனது. நாள்தோறும் புதிதாகக் கட்டப்படுவது. அலகுக்கு மாதுளம்பூ, உடலுக்கு மரவள்ளி இலை, வாலுக்கு வெள்ளரளியும் செவ்வரளியும், கண்ணுக்குக் காக்காய்ப்பொன், கட்டுவதற்கு வாழைநார். சிறகுக்கு நந்தியாவட்டை இலையும் பனையோலையும். பரம்பரையாக இத்தொண்டைச் செய்துவரும் குடும்பத்தார் ஒவ்வொரு நாளும் பல மணி நேரம் செலவிட்டு ஒரே ஒரு கிளியைச் செய்கின்றனர். முதல்நாட் கிளி அடியார் ஒருவருக்குப் பிரசாதமாகக் கிடைக்கும்.

ஏன் கிளி? அரங்கனிடம் தூது போய் வந்தது கிளியுருவில் இருந்த சுகமுனிவர் என்றும், அக்கைம்மாறாகவே ஆண்டாள் கிளியைக் கையில் ஏந்தியிருக்கிறாள் என்றும் வழிவழி வந்த கதை சொல்லுகிறது. இங்கேயும் தூதுதான். திருவண்ணாமலையில் அருணகிரிநாதர் கிளியுருக்கொண்டு அமர்ந்தார் என்று சொல்லப்படும் கிளிக்கோபுரத்தையும் நினைத்துக் கொண்டோம். இக்கதைகளிலே வரும் கிளி எதுவும் கூட்டுக்குள் இருக்கக் காணோம். கையில் இருக்கிறது; தோளில் இருக்கிறது; கோபுரத்தில் இருக்கிறது.

கூட்டத்தின் நடுவே பெருவிரலில் எழுந்து நின்று பார்த்த மகள், வெளியே வந்தபின் ஒன்று மாத்திரம் கேட்டாள்: "சிறகு பனையோலையா, அப்பா?"

"ஓம்" என்றோம்.

வட்டிழந்த பனை

இந்தியாவிலே 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நாட்டுக் கிளிகளைப் பிடிப்பதையும் விற்பதையும் கூட்டில் வளர்ப்பதையும் தடுக்கின்றது. மதுரைத் தெருக்களிலே ஒருகாலத்தில் எங்கும் காணப்பட்ட கிளி சோதிடர்கள் அருகியதற்கு அதுவும் ஒரு காரணம். ஆயினும், சட்டம் தடுத்ததால் விடுவது வேறு. மனம் ஒப்பி விடுவது வேறு. மகள் எதைத் தேர்வாள் என்பதை அவளுக்கே விட்டிருந்தோம்.

ஏற்கெனவே கிளி வளர்ப்போர் இதனைப் படித்துவிட்டு, இன்றே கூட்டைத் திறந்துவிட வேண்டாம். குஞ்சிலிருந்தே மனிதர் கையில் இரை தின்ற பறவைக்கு இரை தேடத் தெரியாது, பகையை அறியாது. அதனை வைத்துப் பேணுவதே அறம். பெரிய கூடு கொடுங்கள். இறகை வெட்டாதீர்கள். அதனோடு நாள்தோறும் பேசுங்கள். தனித்து விடப்பட்ட கிளி, ஏக்கத்தினால் தன் இறகைத் தானே பிடுங்கிக் கொள்வதுண்டு. அதற்கு நீங்களே கூட்டம் என்பதை மறவாதிருங்கள். புதிதாக ஒரு குஞ்சைப் பொந்திலிருந்து எடாதிருந்தால், அதுவே போதும்.

யாழ்ப்பாணம் திரும்பிய அன்று மாலை பக்கத்து வீட்டுப் பையன் வந்தான். எமது வளவின் எல்லையிலே, போர்க்காலத்தில் எறிகணை பட்டு வட்டிழந்த பனை ஒன்று இன்றும் நிற்கிறது. ஓலையும் இல்லை, நுங்கும் இல்லை. விறகுக்குத் தறிக்கலாம் என்று பலர் சொல்லியும் நாம் தறிக்கவில்லை. உச்சி உக்கிப் பொந்தாகி, ஆண்டுதோறும் அதிலே கிளிகள் முட்டையிடுகின்றன. கிளி கூடு கட்டத் தெரியாத பறவை. உக்கிய மரமும் பிற பறவை குடைந்த பொந்துமே அதற்கு வீடு. மூன்று வாரத்துக்குச் சற்று மேலாக அடைகாத்து, ஆறேழு வாரம் இரையூட்டிக் குஞ்சுகளைப் பறக்கவிடும். தலையிழந்த மரம் அவற்றுக்கு உதவுகின்றது.

பையன் அந்தப் பனையைக் காட்டி, "குஞ்சு வந்ததும் ஏறட்டோ?" என்று மகளிடம் கேட்டான்.

"வேண்டாம், அண்ணா. அதுகள் அங்கையே இருக்கட்டும்" என்றாள் அவள். பின்பு உள்ளே போய், அப்பாச்சி காலத்திலே எங்களுக்கெல்லாம் செய்து தந்ததைப் போன்ற ஓலைக்கிளி ஒன்றைப் பின்னத் தொடங்கினாள். முதல் இரண்டும் கிளி போல வரவில்லை. மூன்றாவது ஒருவாறு வந்தது. அதனை யன்னலிலே கட்டினாள்.

பொழுது சாயும் நேரத்தில் பனைப்பொந்திலிருந்து இரண்டு கிளிகள் வெளிப்பட்டுக் கிழக்கு நோக்கிப் பறந்தன. வழியிலே வேறு சில வந்து சேர்ந்தன. மகள் யன்னலருகே நின்று கைகளை வாயருகே குவித்து, உரத்த குரலில் அவற்றைக் கேட்டாள்:

"எங்கை போறியள்?"

அவை எதுவும் சொல்லாமற் பறந்து போயின. முப்பது ஆண்டுகளின் பின், எமது வீட்டில் அந்தக் கேள்வியை மீண்டும் கேட்டோம்.